காரைக்குடிக்கும் சைகோனுக்கும் நட்டநடு எது?

செட்டிநாட்டு வீட்டு வளவில் நடுவைக் கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. மூலைக்கு மூலை இரண்டு நூல்களைக் குறுக்கே பிடித்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் நடு. அந்த நூலை ஊர்விட்டு ஊர், கடல் தாண்டிப் பிடித்தால்?

ஒளித்துவைத்த பொருளை ஜிபிஎஸ் கொண்டு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டை ஆடுகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே 2 அன்று அமெரிக்கா நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் சொன்னார். இன்று அந்த விளையாட்டு உலகம் முழுக்க நடக்கிறது. சில புதிர்களில் இடத்தை நேராகச் சொல்லமாட்டார்கள். "இந்த இரண்டு ஊருக்கும் நட்டநடுவில் தேடு" என்பார்கள்.

முதலில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு. காரைக்குடி 10.07 வடக்கு, 78.78 கிழக்கு. தேவகோட்டை 9.95, 78.82. கூட்டி இரண்டால் வகுத்தால் 10.01, 78.80. பூமி உருண்டை என்பதைக் கணக்கில் சேர்த்தாலும் விடை அரை மீட்டர்கூட நகராது. கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தவறுவது சாதாரணம் என்பதால், இந்தத் தூரத்துக்குச் சராசரியே போதும்.

சறுக்குவது வேறிடத்தில். புதிர்கள் பெரும்பாலும் பாகையும் நிமிடமுமாக எழுதப்படும். இதே இரண்டு ஊர்களின் அட்சரேகைகள் அப்போது 10 பாகை 4.2 நிமிடம், 9 பாகை 57 நிமிடம். நிமிடங்களின் சராசரி 30.6, பாகைகளின் சராசரி ஒன்பதரை. அந்த அரைப் பாகை என்பது 30 நிமிடம். அதைச் சேர்த்தால்தான் 10 பாகை 0.6 நிமிடம் என்ற சரியான விடை வரும். மறந்தால் 55 கி.மீ. தெற்கே போய் நிற்போம்!

மூன்றாவதாகக் கானாடுகாத்தானையும் (10.17, 78.78) சேர்த்தால், 'நடு' என்ற சொல்லே இரண்டாகப் பிரிகிறது. மூன்றின் சராசரி காரைக்குடி அருகிலேயே விழும். மூன்று ஊருக்கும் சமதூரத்தில் உள்ள புள்ளி என்றாலோ, இந்த எண்களின்படி சுமார் 39 கி.மீ. கிழக்கே, அறந்தாங்கியையும் தாண்டிவிடும். மூன்று ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருப்பதுதான் காரணம். எந்த நடு என்று சொல்லாத புதிரை நான் நல்ல புதிர் என்று ஒப்பமாட்டேன்.

இனி கடல். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கொண்டுவிற்கப் போன ஊர்களில் சைகோனும் ஒன்று; அங்கே தண்டாயுதபாணிக்குக் கோயிலும் கட்டினார்கள். அந்த ஊர் 10.78 வடக்கு, 106.70 கிழக்கு, காரைக்குடியிலிருந்து சுமார் 3,050 கி.மீ. அட்சரேகை ஏறக்குறைய ஒன்றே என்பதால் நேர் கிழக்கே போனால் போதும் என்றுதான் தோன்றும். சராசரி 10.43, 92.74. ஆனால் உருண்டையின் மேல் நூலை இழுத்துக் கட்டினால் அது அட்சரேகையோடு ஒட்டிப் போகாது, வடக்கே வளையும். ஒரு பந்தும் நூலும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

சரியான வழி இது: பூமியின் மையத்திலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அம்பு வரைவதாக நினைத்து, இரண்டு அம்புகளையும் கூட்ட வேண்டும். கூட்டல் அம்பு காட்டும் திசையில் தரையைத் தொடும் இடம்தான் நடு. அப்படிப் போட்டால் 10.74, 92.72 வருகிறது. தீர்க்கரேகை அநேகமாக அசையவில்லை. அட்சரேகை மட்டும் சுமார் 34 கி.மீ. வடக்கே ஏறிவிட்டது. இரண்டு புள்ளிகளுமே லிட்டில் அந்தமான் தீவை ஒட்டிய கடலில் விழுகின்றன: சராசரி தீவுக்குத் தென்கிழக்கே, உண்மையான நடு தீவுக்குக் கிழக்கே.