குடகின் தோக்கும் நம் நாட்டுத் துப்பாக்கியும்

செப்டம்பர் மாதத்து முதல் வாரத்தில் பெங்களூரிலிருந்து குடகு நாட்டுக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு புதுமையான காட்சியைக் காணலாம். வீட்டுக் கூடத்தில் விளக்கேற்றி வைத்திருப்பார்கள். அதன் முன்னே வாளும் கத்தியும் பழைய துப்பாக்கிகளும் சந்தனம் பூசி வரிசையாகச் சாத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு துப்பாக்கியின் குழல் வாயிலும் ஒரு பூ. அது வேறெந்தப் பூவும் அன்று, முருகனுக்கு உரியதென்று நம் புலவர்கள் போற்றிய செங்காந்தளே. தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்கும் அதனைக் குடகர்கள் 'தோக் பூ' என்கிறார்கள். துப்பாக்கிப் பூ என்பது பொருள்.

விழாவின் பெயர் கயில்போள்து. ஆயுதத் திருநாள் எனலாம். வயலில் நாற்று நடும் வேலை முடியும்வரை ஆயுதங்களைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது பழைய மரபு. நடவு முடிந்ததும் அவற்றை எடுத்துத் துடைத்துப் பூசனை செய்து காட்டுக்கு வேட்டைக்குப் புறப்படுவார்கள். இன்று வேட்டை இல்லை. உயர்ந்த மரத்தில் தேங்காயைக் கட்டி அதனைச் சுட்டு வீழ்த்தும் போட்டியே நடைபெறுகிறது.

குடகர் வாழ்வில் துப்பாக்கி வெறும் கருவி அன்று. ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வெடி. வீட்டில் இறப்பு நேர்ந்தால் இரண்டு வெடி. அவ்வோசையைக் கேட்டே அயலார் செய்தியை உணர்ந்துகொள்வர். புத்தரி விழாவில் முதற் கதிரை அறுக்கும்போதும் வெடி முழங்கும். புலியைக் கொன்ற வீரனை மணமகனைப்போல் அலங்கரித்து 'நரி மங்கலம்' என்னும் சடங்கு நடத்திய காலமும் உண்டு. குடகு மொழியில் நரி என்றால் புலி என்பதை நம்மவர் மறந்துவிடக்கூடாது; இல்லையேல் சடங்கு நகைப்புக்கு இடமாகிவிடும்! குடகர் வழிபாட்டையும் சமூகத்தையும் ஆராய்ந்து எம். என். சீனிவாஸ் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இத்தகைய வழக்கங்களை அறிய விரும்புவோர்க்குப் பெரிதும் உதவும்.

இந்தத் துப்பாக்கிகள் குடகர் கையில் தங்கியது எவ்வாறு? 1861ஆம் ஆண்டில், மைசூரையும் குடகையும் மேற்பார்த்த ஆணையர் மார்க் கப்பன், ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து குடகர்களுக்கு விலக்களித்தார். பெங்களூரின் கப்பன் பூங்கா தாங்கி நிற்பது அவர் பெயரையே. நம் தமிழ்நாட்டு வரலாறோ இதற்கு நேர்மாறானது. பாளையக்காரர் போர்கள் ஓய்ந்ததும், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்னாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. பிறகு 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. ஓரிடத்தில் எதிர்த்தவர் இழந்தனர்; மற்றோரிடத்தில் துணைநின்றவர் வைத்துக்கொண்டனர். ஆட்சியாளர் வழங்கிய சலுகையின் இயல்பு அது.

குடகு இனத்தாருக்கும், சம்மா என்னும் பரம்பரை நில உரிமை உடையோருக்கும் விடுதலைக்குப் பின்னரும் அவ்விலக்கு நீடித்தது. 1963ஆம் ஆண்டு அதனை உறுதி செய்தனர். 2019இல் மைய அரசு மேலும் பத்தாண்டுகளுக்கு, அதாவது 2029 வரை, நீட்டித்தது. இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் கருநாடக உயர்நீதிமன்றம் 2021இல் விலக்கு செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இனித் துப்பாக்கியைப் பார்ப்போம். கன்னடத்தில் 'கோவி', குடகில் 'தோக்கு', நம்மிடம் துருக்கிய மொழியிலிருந்து வந்து தமிழாகிவிட்ட 'துப்பாக்கி'. இங்கே நாம் பேசுவது தோட்டாவைப் பின்புறம் செருகும் இக்காலத் துப்பாக்கியைப் பற்றியன்று. குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் பழைய வகையைப் பற்றியது. நம் ஊர்ப்புறங்களில் நாட்டுத் துப்பாக்கி என்பார்கள்.

இவ்வகையில் முதலில் வந்தது திரித் துப்பாக்கி. கனலும் திரியைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். மழை வந்தால் வேட்டை முடிந்தது. பின்னர்ச் சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் வகை வந்தது. அதில் பொறி பறந்து புகைந்த பிறகே குண்டு புறப்படும். அந்த ஒளியைக் கண்ட பறவை, குண்டு வந்து சேர்வதற்குள் பறந்துவிடும். இந்தத் தொல்லையைப் பொறுக்கமாட்டாத ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் ஒருவர், அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்பவர், தட்டினால் வெடிக்கும் மருந்தைக்கொண்டு துப்பாக்கியை வெடிக்கச் செய்யும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். பறவை வேட்டையில் அந்தப் பாதிரியாருக்கு இருந்த ஆவலே உலகப் படைகளின் ஆயுதங்களை மாற்றியது. அதிலிருந்து வளர்ந்ததே 'கேப்பு' என்று நம்மவர் சொல்லும் சிறிய செப்புக் குப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரிய படைகள் பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிக்கு மாறிவிட்டன. கேப்புத் துப்பாக்கியோ நம் காடுகளில் இருபதாம் நூற்றாண்டிலும் நிலைத்து நின்றது.

வேட்டைக்காரனின் சுமை சிறிதன்று. மருந்துக் கொம்பு, ரவைப் பை, கேப்புச் சிமிழ், தேங்காய் நார் அல்லது கந்தல் துணி, சலாகை ஆகிய அத்தனையும் வேண்டும். மருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றன் கலவை. நம் நாட்டில் அதற்கு எருக்கங்கரியைப் பயன்படுத்துவதும் உண்டு. முதலில் மருந்தைக் குழலில் இட்டு, அதன்மேல் நாரை வைத்துச் சலாகையால் இடிப்பார்கள். பிறகு ரவையோ குண்டோ இட்டு, அது உருண்டு வெளியே வராதபடி மீண்டும் நாரால் அடைப்பார்கள். கேப்பைக் கடைசியிலேயே மாட்டவேண்டும்; முன்னரே மாட்டிவிட்டு இடிப்பவன் தன் கையையே இழப்பான். மருந்தின் அளவு மிகுந்தால் குழல் வெடிக்கும். பின்னாளில் புகழ்பெற்ற ஜிம் கார்பெட் சிறுவனாக இருந்தபோது கிடைத்த முதல் துப்பாக்கி இவ்வகைப்பட்ட இரட்டைக் குழல் துப்பாக்கியே. அதன் ஒரு குழல் முன்பே அளவு மீறிய மருந்தால் பிளந்திருந்தது. கட்டையையும் குழலையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

ஒரு முறை சுட்டுவிட்டால் வெண்புகை எழுந்து எதிரிலிருப்பதை மறைத்துவிடும். மீண்டும் நிரப்ப அரை நிமிடமேனும் ஆகும்; நடுங்கும் கைக்கு அதைவிடக் கூடுதலாகும். ரவை ஐம்பது கசத்துக்கு அப்பால் நம்பத்தக்கதன்று. ஆதலின் பழைய வேட்டைக்காரன் விலங்கை மிக நெருங்கவேண்டியிருந்தது. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று பார்ப்பது, நீர்த்துறையை அடுத்துக் குழி தோண்டி இரவெல்லாம் அசையாமல் அமர்வது, பரண் கட்டுவது, தடம் அறிவது இவையே அவன் கல்வி. வீடு திரும்பியதும் குழலை வெந்நீரால் கழுவி எண்ணெய் பூசவேண்டும்; கரிமருந்தின் கசடு ஈரத்தை ஈர்த்து இரும்பை அரித்துவிடும்.

காடை, கௌதாரி வேட்டையில் நம் நரிக்குறவர் பெற்றிருந்த திறமையை அறியாதவர் இல்லை. அவர்களுடைய வாக்ரி மொழியோடு உறவுடைய மொழி பேசும் ஹக்கிப்பிக்கி மக்கள் பன்னேர்கட்டாவுக்கு அருகே குடியிருக்கிறார்கள். பறவை பிடிக்கும் தொழில் சட்டத்தால் நின்றுபோகவே, மூலிகை எண்ணெய் விற்று ஆப்பிரிக்க நாடுகள் வரை செல்கிறார்கள். 2023இல் சூடான் நாட்டுப் போரில் சிக்கித் தவித்தவர்களிலும் அவர்கள் இருந்தனர்.

ஆயினும் இந்தப் பழைய வேட்டையை அழகென்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மையே ஆகும். வலுக்குறைந்த ஒரே வெடியின் மறுபக்கம், காயம்பட்டும் சாகாமல் ஓடிப்போகும் விலங்கு. விலங்கு ஆட்கொல்லியாவதற்கு இத்தகைய காயங்களே பெருங்காரணம் என்று கார்பெட் தமது 1944ஆம் ஆண்டு நூலில் எழுதினார். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் அவர் சுட்டு வீழ்த்தியபோது, அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிக் காயத்தால் முறிந்திருக்கக் கண்டார். பெங்களூரில் வாழ்ந்து 1974இல் மறைந்த கென்னத் ஆண்டர்சன் தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தவர். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளை நன்கறிந்தவர். நாட்டுத் துப்பாக்கியால் காயமுற்று, இரை தேட இயலாமல் மனிதரை நாடிய சிறுத்தைகளும் புலிகளும் அவர் நூல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அந்த ஊர்களிலிருந்து வந்து இந்நகரில் குடியேறிய நம் குடும்பங்களில், பாட்டனார் சொன்ன இத்தகைய கதை இல்லாத வீடு அரிது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடும் வாய்ப்பையும் மூடிய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் முயலைச் சுடுவதும் குற்றமே. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1933இல் அங்கே வாய்வழித் துப்பாக்கி அன்பர்களுக்கென்று ஒரு சங்கமே தோன்றிற்று. பென்சில்வேனியாவில் 1974 முதல் கல் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் நடக்கிறது. அதைக் கண்டு இங்கும் வேட்டையைத் திறக்கவேண்டும் என்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. நம் காடு எஞ்சியிருப்பது மிகச் சிறிது.

எனினும் உழவனின் துயரத்தைப் புறக்கணிக்க இயலாது. ஒரே இரவில் காட்டுப் பன்றிக் கூட்டம் நிலக்கடலை வயலை உழுதுவிட்டுப் போகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கென்றே வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளிக்கிறது. ஆனால் உரிமம் பெற்றவன் வானை நோக்கி வெடித்து விரட்டலாமேயன்றித் தானே முடிவுசெய்து கொல்லலாகாது. கேரள அரசு 2022இல் ஊராட்சிகளின் ஆணைப்படி பன்றியைச் சுட வழி செய்தது. தமிழக அரசு 2025 சனவரியில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தது.

இங்கே நம் வாசகர் இல்லங்களுக்கு ஒரு செய்தி. ஊரிலுள்ள பூர்வீக வீட்டின் பரண்மேல் பாட்டனார் வைத்த துப்பாக்கி இன்னும் இருக்கலாம். அவர் காலமானதோடு உரிமமும் முடிந்தது. பேரன் பெங்களூரில் இருக்கிறான். துப்பாக்கி துருப்பிடித்துக் கிடக்கிறது, யாருக்கு என்ன கேடு என்று எண்ணுகிறான். சட்டம் அப்படி எண்ணவில்லை. செப்பனிட்டாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. செப்பனிட முடியுமெனில் அது துப்பாக்கியே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமமின்றி வைத்திருப்பதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆகவே அதனைப் பழம்பொருள் வாங்குவோரிடம் விற்பதோ, இரவோடிரவாகக் கிணற்றில் போடுவதோ, பேருந்தில் இந்நகருக்கு எடுத்து வருவதோ வேண்டா. மருந்து நிரம்பியிருக்கிறதா என்று குதிரையைத் தட்டிப் பார்ப்பது அதனினும் தீது. ஆண்டுகள் பல கடந்தும் உலர்ந்த மருந்து வெடிக்கும். இருந்த இடத்தில் இருக்கவிட்டு, பாட்டனாரின் பழைய உரிமப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அவ்வூர்க் காவல் நிலையத்துக்கு முதலில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அங்கோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து இரசீது பெறலாம். வாரிசு என்ற முறையில் வைத்துக்கொள்ள விரும்புவோர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் முடிவாகும்வரை துப்பாக்கி ஒப்படைத்த இடத்திலேயே இருக்கும்.