கல்லாகும் நீர்: சுண்ணாம்புக் கனிமங்களும் பாக்டீரியாக்களும்

உயிரற்ற பொருளுக்கு எடுத்துக்காட்டாகக் கல்லைக் கூறுவது நம் வழக்கம். ஆயினும் சுண்ணாம்புக் கல்லின் பிறப்பை ஆராய்ந்தால், அதன் பெரும்பகுதி உயிர்களின் செயலால் விளைந்தது என்பது புலனாகும். சங்கும் சிப்பியும் பவளமும் கடல்நீரிலுள்ள சுண்ணச் சத்தைக் கொண்டு தமக்கென ஓடும் கூடும் அமைத்துக்கொள்வதை யாவரும் அறிவோம். கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்களும் இப்பணியில் பங்கு கொள்கின்றன. அவற்றின் முறையோ முற்றிலும் வேறானது. அதனை இங்கு விளக்குவோம்.

கல் எவ்வாறு உண்டாகிறது என்னும் கேள்வி புதிதன்று. இப்னு ஸீனா (980-1037) தம் 'கிதாபுஷ் ஷிஃபா' என்னும் பெருநூலில் இதனை ஆராய்ந்துள்ளார். களிமண் இறுகிக் கல்லாவதையும் நீர் உறைந்து கல்லாவதையும் அவர் பிரித்துக் காட்டினார். இளமையில் ஜைஹூன் ஆற்றங்கரையில் தாம் கண்ட களிமண், ஏறத்தாழ 23 ஆண்டுகளில் மென்கல்லாகியிருந்ததையும் பதிவு செய்தார். நீரைக் கல்லாக்கும் ஓர் ஆற்றல் சில நிலங்களில் உண்டு என்பது அவர் கருத்து. அவர் நுண்ணுயிர்களை அன்றே அறிந்திருந்தார் என்று நாம் பெருமை பேசுவது முறையன்று; நுண்ணோக்கி இல்லாத காலம் அது. கண்டதைக் கண்டவாறு எழுதிக் காரணத்தைத் தேடியதே அவர்தம் சிறப்பு.

சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். கடல்நீரில் கால்சியமும் உண்டு. கரியமில வாயு கரைவதால் உண்டாகும் பைகார்பனேட்டும் உண்டு. நீரின் காரத்தன்மை ஓங்கினால் இவை இணைந்து படிகமாகப் படியும்; அமிலத்தன்மை ஓங்கினால் படிந்தது கரையும். இத்தராசின் தட்டைச் சாய்ப்பதே பாக்டீரியாவின் வேலை. சிப்பி தன் ஓட்டைத் தனக்குரிய வடிவில் கட்டுகிறது. பாக்டீரியாவோ தன் பிழைப்பிற்காக உண்டு கழிக்கிறது. அதனால் சுற்றியுள்ள நீரின் தன்மை மாற, கல் தானே படிகிறது. அதன் உடற்சுவரின் எதிர்மின் தன்மை கால்சியத்தை ஈர்ப்பதால், முதற்படிகம் அமைவதற்கு அதன் உடலே இடமாவதும் உண்டு.

தட்டைச் சாய்க்கும் வழிகள் பல. ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் நீலப்பசும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் காரத்தன்மை கூடுகிறது. வேறு சில யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவையும் கார்பனேட்டையும் உண்டாக்குகின்றன. மூன்றாவது வகை நம் கரைக்கு நெருக்கமானது.

புதுக்கோட்டை மாவட்டத்து ஜெகதாப்பட்டினம் போன்ற பாக் விரிகுடாக் கரைகளில் சேற்றைச் சற்றுத் தோண்டினால் கருநிறமும் அழுகிய முட்டையின் நாற்றமும் வெளிப்படும். பிராணவாயு புகாத அவ்விடத்தில் வாழும் பாக்டீரியாக்கள், கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு மக்கிய பொருள்களைச் சிதைக்கின்றன. நாற்றத்திற்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடும் கல்லுக்கு வேண்டிய பைகார்பனேட்டும் அச்செயலில் ஒருங்கே பிறக்கின்றன. நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் சேறு, சுண்ணாம்பின் பட்டறையும் ஆகும்.

இவ்வகைப் பாக்டீரியாக்கள் நெடுநாள் புதிர் ஒன்றை அவிழ்க்கவும் உதவின. மக்னீசியம் கலந்த டோலமைட் என்னும் கார்பனேட் கனிமம் மலைகளாகக் குவிந்து கிடப்பினும், சாதாரண வெப்பநிலையில் ஆய்வகத்தில் அதனை உண்டாக்குவது அரிதாக இருந்தது. பிரேசில் நாட்டு உப்பேரி ஒன்றை ஆராய்ந்த வாஸ்கொன்செலோஸ், மெக்கென்சி முதலியோர், சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்களின் துணையால் அது உருவாவதை 1995இல் வெளியிட்டனர்.

யூரியா வழியைப் பயன்படுத்தியோரும் உளர். சந்திர மண்ணை ஒத்த பொடியில் பாக்டீரியா, யூரியா, கொத்தவரை இனத்துப் பிசின் ஆகியவற்றைச் சேர்த்துச் செங்கல் போன்ற கட்டிகளை ஆக்கும் முறையைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் 2020இல் அறிவித்தன.

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கல்லைப் படியச் செய்த சேறே அதனைக் கரைக்கவும் வல்லது. அடியிலுள்ள கருஞ்சேறு கிளறப்பட்டுப் பிராணவாயுவுடன் கலந்தால், அதிலுள்ள சல்பைடு அமிலமாக மாறும். அவ்வமிலம் சுண்ணாம்பைக் கரைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. விசைப்படகுகளின் இழுவை மடிகள் அதன் தரையை உழுதுகொண்டே செல்கின்றன. சேற்றைத் தன் வேரால் பிணித்து வைக்கும் கடற்புல்லும் அதனால் பெயர்கிறது. அப்புல்லை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் சுமார் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022இல் காப்பகமாக அறிவித்தது. புல்லைக் காப்பது அதன் கீழுள்ள நுண்ணுலகையும் காப்பதாகும்.

நம் கரையோர மக்களில் பலரின் அடுப்பு எரிவதும் அந்த மடிகளால்தான் என்பதை மறந்து இதனைப் பேசுதல் அறமாகாது. எனினும் மீனுக்கு இடந்தரும் தரை சிதைந்தால் மடிக்கும் மீன் இராது. கடலுக்குச் செல்வோரும் சட்டம் இயற்றுவோரும் ஒருங்கே அமர்ந்து பேசுகையில், அக்கருஞ்சேற்றின் பணியும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.