கையெழுத்தின் விலை

ஆய்வுப் பணிக்காக 1990-களில் இங்கிலாந்தில் நான் தங்கியிருந்த வீட்டின் கூடத்தில் ஒரு படம் மாட்டப்பட்டிருந்தது. போர் விமானங்களை வரைவதில் பெயர்பெற்ற ராபர்ட் டெய்லரின் 'ஸ்பிட்ஃபயர்' ஓவியத்தின் அச்சுப் படி அது. கீழ் விளிம்பில் இரண்டாம் உலகப் போர் விமானிகளான டக்ளஸ் பேடரும் ஜானி ஜான்சனும் பென்சிலால் கையெழுத்திட்டிருந்தனர். பேடர் 1931-இல் விபத்தில் இரு கால்களையும் இழந்தவர்; செயற்கைக் கால்களுடன் 1940-இல் மீண்டும் போருக்குப் பறந்தவர்.

'பேடர் 1982-இல் இறந்துவிட்டார். இனி இந்தக் கையெழுத்து யாருக்கும் கிடைக்காது. பேத்தியின் படிப்புக்கு இது உதவும்' என்பார் வீட்டுக்காரர். அவர் மறைந்த பின் மகன் எனக்கு எழுதினார். ஏலக்காரர் சொன்ன மதிப்பு, படத்துக்குச் சட்டமிட்ட செலவைக்கூட ஈடுகட்டாதாம். 'அப்பா ஏமாந்துவிட்டாரா? நீங்கள் பொருளாதாரம் படித்தவர், சொல்லுங்கள்.'

ஏமாறவில்லை, கணக்கில் ஒரு பாதியை விட்டுவிட்டார். விமானியின் மரணத்தோடு கையெழுத்தின் அளிப்பு நின்றுவிடும் என்பது சரியே. ஆனால், அதற்கு முன்பே நூற்றுக்கணக்கான படிகளில் அவர் ஒப்பமிட்டிருப்பார். ஓரத்தில் எண்ணிட்டு 'இத்தனை படிகள் மட்டுமே' என்று பதிப்பகம் உறுதியளித்தாலும், 'ஓவியரின் படி' என்று அந்தக் கணக்குக்கு வெளியே சில வருவதுண்டு. இதைவிட முக்கியமான ஒன்று, சேகரிப்புக்கென்றே விற்கப்படும் பொருளை எவரும் குப்பையில் போடுவதில்லை என்பது. போர்க்காலத்தில் விமானி எழுதிய பறப்புப் பதிவேடு அரிதாவது, அதைக் காக்க வேண்டுமென்று பலருக்குத் தோன்றாததால்தான். இந்தப் படங்களோ கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

வாங்கியவர்களுக்கும் வயதாகிறது என்பதுதான் அவர் விட்ட பாதி. பிரிட்டன் வான்போரில் பறந்தவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச்சில் 105 வயதில் காலமானார். அந்தப் போரைச் சிறுவர்களாகப் பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்க, அவர்களின் வீட்டுச் சுவர்களிலிருந்து படங்கள் சந்தைக்கு வருகின்றன. விற்போர் பெருக, வாங்குவோர் குறைகிறார்கள்.

எட்டு வயதில் கென்ட் மாவட்டத்து வயலில் நின்று, வானில் விமானங்கள் இழுத்த வெண்கோடுகளை எண்ணியதாக வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார். அவர் கொடுத்த விலையில் பெரும்பங்கு அதற்கானது. அதை அவர் கூடத்தில் அமர்ந்து தினமும் அனுபவித்தும்விட்டார். மகனுக்கு இதைத்தான் எழுதினேன். விற்காவிட்டால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், அச்சு மை வெளுத்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.