கொழுப்பைக் கரைக்குமா மது?



நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் உண்டபின் ஒரு மடக்கு அருந்தினால் கொழுப்புக் கரைந்துவிடும் என்று நம்மவர்களிலும் சிலர் மறைவில் சொல்லித் திரிகின்றனர். மார்க்கம் விலக்கியதற்கு மருத்துவத்தைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். அந்தச் சாட்சி என்ன சொல்கிறது?

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இராஜபாளையத்தாரும், அருகிலுள்ள திருவண்ணாமலைச் சிற்றூராரும் நன்கறிந்த பண்டம், பாற்கொழுப்பு நிறைந்தது. வாயில் கரைந்தாலும் அது செரிப்பது சிறுகுடலில்தான். பித்தநீர் கொழுப்பை நுண்துளிகளாக்கும். கணையம் சுரக்கும் லைப்பேஸ் என்னும் நொதி அத்துளிகளைச் சிதைக்கும். இவ்வேலையில் மதுவுக்குப் பங்கே இல்லை.

உருக்கிய பாலாடைக்கட்டியை உண்ணும் சுவிட்சர்லாந்து மக்களிடமும் இதே நம்பிக்கை உண்டு. 2010-இல் சூரிச் நகர மருத்துவர்கள் 20 பேரிடம் அதைச் சோதித்தனர். தேநீருடன் உண்டபோதைவிட மதுவுடன் உண்டபோது இரைப்பை காலியாகத் தாமதமே ஆயிற்று!

கணையத்திற்கு நேர்வதோ இதனினும் கொடிது. நெடுங்காலம் குடிப்போரில் சிலருக்கு, குடலை அடைந்தபின் விழிக்கவேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்து அதனையே அரிக்கின்றன. கசிந்த லைப்பேஸ் சுற்றியுள்ள உடற்கொழுப்பைச் சிதைக்க, அது சுண்ணாம்புச் சத்துடன் கூடிச் சவுக்காரம்போல் வெண்திட்டுகளாகிறது. உணவின் கொழுப்பைச் செரிக்கவேண்டியது உடலின் கொழுப்பைத் தின்கிறது! நாளடைவில் கணையம் தழும்பேறி, லைப்பேஸ் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தால், உண்ட கொழுப்பு மலத்தில் எண்ணெயாக மிதக்கும். உடல் மெலியும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சேராமற் போகும்.

மேல்வயிற்றில் தோன்றி முதுகைத் துளைக்கும் வலி வந்தபின்னும், "பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை" என்று மருத்துவரிடம் சொல்லிவைப்போர் உளர். மானத்திற்கு அஞ்சி வீட்டாரும் உடன் மறைக்கின்றனர். தன் பாவத்தை ஊரறியப் பறைசாற்றலாகாது என்பது மார்க்க ஒழுக்கம்தான். மருத்துவரிடம் உண்மை உரைப்பது பறைசாற்றுதல் ஆகாது.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். குறைந்த நொதியை ஈடுகட்ட, உணவுடன் விழுங்கும் மருந்து இருக்கிறது. அது பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. கேட்டவுடன் எறிந்துவிடத் தோன்றும்; எறியாதீர்கள். மாற்று உண்டா என மருத்துவரைக் கேளுங்கள். இல்லையெனில், நிர்ப்பந்தத்தில் சிக்கியோருக்குத் திருமறையின் 2-ஆம் அத்தியாயம் 173-ஆம் வசனம் திறந்துவைத்துள்ள வழியை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். அதுவரை மருந்தை நிறுத்தவேண்டாம்.