ஆணியில் இருக்கிறது வேகம்

என் தங்கை மகன் போன டிசம்பரில் நியூஜெர்சியிலிருந்து ஏற்காட்டுக்கு வந்தபோது, பெட்டியில் துணிமணிகளோடு ஒரு மரக்கட்டையும் கொண்டுவந்தான். ஏழு அங்குல நீளப் பைன் கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அவற்றுக்கு அச்சாக நான்கு ஆணிகள். "மாமா, இதை ரேஸ் காரா மாத்தணும். பிப்ரவரியில போட்டி" என்றான். எட்டு வயது. சாரணர் இயக்கத்தில் அந்த வயதுப் பிள்ளைகளை நம் பக்கம் குருளையர் என்போம். அமெரிக்கக் குருளையர்களுக்கு 'பைன்வுட் டெர்பி' என்றால் தேர்த் திருவிழா மாதிரி.

அதைத் தொடங்கியவர் டான் மர்ஃபி. கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் குருளையர் படைக்குத் தலைவராக இருந்தவர். பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து சரிவில் ஓட்டிவரும் 'சோப் பாக்ஸ்' வண்டிப் பந்தயம் அங்கே ஏற்கெனவே பிரபலம். மர்ஃபியின் மகனுக்கு அதில் கலந்துகொள்ளும் வயது வரவில்லை. பையன் ஏமாந்து நிற்பதைப் பார்த்தவர், உட்கார முடியாத, உள்ளங்கையில் வைக்கக்கூடிய வண்டிக்கு ஒரு பந்தயம் யோசித்தார். 1953 மே 15 அன்று முதல் போட்டி நடந்தது. எந்த வண்டி முந்தியது என்று சொல்ல, கோட்டருகே வீட்டு அழைப்பு மணிகளை பேட்டரியில் இணைத்து வைத்திருந்தார்களாம். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது அன்றிலிருந்து இந்த விளையாட்டின் வழக்கம்.

மோட்டார் கிடையாது, சாவி கிடையாது. சுமார் நான்கடி உயரத்திலிருந்து தடை விலகும், வண்டி இறங்கும், நாற்பதடி ஓடும். மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

இறக்கத்தில் ஓடும் வண்டி எனக்குப் புதிதல்ல. சேலத்து லாரிப் பட்டறைகளில் கழித்துப்போட்ட பேரிங்குகளைக் கெஞ்சி வாங்கிவந்து, பலகைக்கு அடியில் சொருகி, எஸ்டேட் பாதையில் சறுக்கிய தலைமுறை நாங்கள். கடகடவென்று வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே வீட்டுப் பெரியவர்கள் குச்சியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவரும் கார்களின் கூட்டத்தில் இன்று அந்த விளையாட்டை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆனால் அதில் கற்ற பாடம் ஒன்று கையில் மிச்சமிருந்தது. சரிவு எல்லோருக்கும் ஒரே அளவுதான் கொடுக்கும். கொடுத்ததை எங்கே பறிகொடுக்கிறோம் என்பதில்தான் பந்தயமே. உராய்வில் கொஞ்சம், காற்றில் கொஞ்சம், கோணல் ஓட்டத்தில் நிறைய.

ஆணியிலிருந்து ஆரம்பித்தோம். கடையில் வரும் ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கொண்டைக்கு அடியில் இரண்டு பக்கமும் அச்சில் அழுத்திய பிசிறு தெரியும். சக்கரம் சுற்றும்போது அந்தப் பிசிறு அதன் உட்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். நான்கு ஆணிகளையும் எடுத்துக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் ஆணியைக் கைத் துளைப்பானில் மாட்டிச் சுழலவிட்டு, சின்ன அரத்தைப் பையன் கையில் கொடுத்தார். "அமுக்காத கண்ணு, சும்மா தொட்டாப் போதும்" என்றார். பிசிறு போனதும் உப்புத்தாள். நானூறில் ஆரம்பித்து, அறுநூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று ஈரத்தாளில் படிப்படியாகத் தேய்த்தான். ஒரு தாளின் கீறலை அடுத்த தாள் முழுவதும் அழித்த பிறகுதான் அதற்கடுத்ததைத் தொட வேண்டும். ஒரு ஆணிக்கு அரை மணி நேரம். கடைசியில் கொலுசுக்குப் போடும் பாலிஷ் கொஞ்சம். "மாமா, என் மூஞ்சி தெரியுது!" என்று ஆணியைக் கண்ணுக்கு நேரே நீட்டினான். இந்த வேலையைப் பெரியவர்கள் வாங்கிச் செய்துவிட்டால் பந்தயத்துக்கு அர்த்தமே இல்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அது சுலபமாக இல்லை.

எடை போட்டதும் அங்கேதான். விதிப்படி 5 அவுன்ஸ், அதாவது 142 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழும் என்று கலிலியோ சொல்லிவிட்டாரே, எடை எதற்கு என்று கேட்கலாம். காற்று கேட்கும் வரி கனத்த வண்டிக்கும் லேசான வண்டிக்கும் ஒன்றுதான். சக்கரத்தைச் சுழற்ற ஆகும் செலவும் அப்படியே. கையில் அதிகம் வைத்திருப்பவனுக்கு அந்த வரி உறைக்காது. அதனால் எல்லாரும் வரம்பைத் தொட்டு நிற்பார்கள்.

அந்த எடையை எங்கே வைப்பது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. சரிவில் நிற்கும் வண்டிக்குப் பின்பக்கம்தான் மேல்பக்கம். பாரத்தைப் பின்னால் தள்ளினால் அது இன்னும் உயரத்திலிருந்து விழும். 30 டிகிரி சரிவில் எடையின் மையம் 5 சென்டிமீட்டர் பின்னால் போனால் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் லாபம். கணக்குப் போட்டால் பந்தயக் கோட்டில் ஏறக்குறைய அரை வண்டி நீளம் முந்தலாம். ரொம்பப் பின்னால் போனால் முன்பக்கம் லேசாகித் தடுமாறும். பின் அச்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் மையம் விழும்படி வைத்தோம். ஈயத்துண்டை நானே உள்ளே வைத்து மூடினேன், அது பிள்ளைகள் கையில் புழங்கும் பொருள் அல்ல. வசதி உள்ளவர்கள் டங்ஸ்டன் வாங்குவார்கள். ஈயத்தைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி என்பதால் சின்ன இடத்தில் அடங்கிவிடும்.

ஏற்காட்டில், காபி காயப்போட்ட களத்தின் ஓரமாக, நீளப் பலகையைச் சாய்த்துவைத்து ஓடவிட்டோம். வண்டி நாலடி போவதற்குள் இடப்பக்கம் திரும்பி, காயும் காபிக்குள் பாய்ந்தது. மறுபடி விட்டோம், மறுபடியும் காபி. பையனுக்கு உதடு பிதுங்கிவிட்டது. தப்பு என்னுடையது. ஆணிக்கான துளையை நான்தான் கண்ணளவில் போட்டிருந்தேன். வண்டி இப்படிக் கோணலாக ஓடினால், தடத்தின் நடுவே இருக்கும் தண்டில் மாறிமாறி இடித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு இடியும் ஒரு நஷ்டம். எஸ்டேட் ஆசாரி வந்து துளையை அடைத்து, மூலைமட்டம் பிடித்து நேராகப் போட்டுக் கொடுத்தார். முன்சக்கரம் ஒன்றைத் தரையில் படாதபடி ஒரு நூல் தூக்கியும் வைத்தார். மூன்று சக்கரத்தில் ஓடினால் நான்காவதைச் சுழற்றும் செலவு மிச்சம். சில குழுக்கள் இதை அனுமதிப்பதில்லை, அவன் குழுவில் தடை இல்லை.

"வெளக்கெண்ணெய் விட்டா ஓடுமே" என்றார் ஆசாரி. மாட்டுவண்டிக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரி குழைத்து மை போட்ட கை அது. பாரவண்டிக்கு அது சரி. கைக்கடக்கமான இந்தச் சக்கரத்துக்கு எண்ணெயின் பிசுக்கே பாரம், தூசியையும் இழுக்கும். உலர்ந்த கிராஃபைட் தூள்தான் இதற்கு. பென்சிலைச் சீவிப் போட்டால் ஆகாது, அதில் களிமண் கலந்திருக்கும். தூளைத் தட்டி, சக்கரத்தை விரலால் சுண்டிச் சுண்டிப் பழக்கினான். முதலில் சில விநாடிகளில் நின்ற சக்கரம், சாயங்காலத்துக்குள் நாங்கள் எண்ணி முடிக்கும்வரை சுற்றியது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, எங்களுக்கு இரவு எட்டரை மணி, அவர்களுக்குக் காலை பத்து. தங்கை கைப்பேசியில் காட்டினாள். காபிப் பழச் சிவப்பில் வண்ணம் பூசிய ஆப்பு மாதிரி வண்டி. நான்கு தடத்திலும் ஒவ்வொரு முறை ஓடியது. இரண்டில் முதல், ஒன்றில் இரண்டாவது, ஒன்றில் கடைசி. கடைசியாக வந்தது ஏன் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. "கீழ விழுந்துடுச்சு மாமா. வலது முன்சக்கரம் வளைஞ்சிடுச்சு. நானே ஆணியத் திருப்பிச் சரி பண்ணிட்டேன். அதுக்கப்புறம்தான் ரெண்டு தடவை ஃபர்ஸ்ட்!"

கோடை விடுமுறைக்கு வருகிறான். பேரிங் வண்டி எப்படி இருக்கும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். காபிக் களம் அப்போது காலியாகத்தான் கிடக்கும். நான்கு பேரிங் வாங்கி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன்.