உஷார்! வங்கிக்கு வந்த பரிசுப் பணம் முழுசும் உங்களுடையது இல்லை

கேரளத்தின் திருவோணம் பம்பர் சீட்டு விலை 500 ரூபாய். முதல் பரிசு 25 கோடி. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்தாயிற்று. ஆனாலும் கேரள எல்லையான வாளையாரைத் தாண்டிப் போய்ச் சீட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2023-ல் அந்த 25 கோடி விழுந்ததே நம் மாநிலத்தைச் சேர்ந்த நாலு பேர் கூட்டாக வாங்கிய சீட்டுக்குத்தான். அதனால் இது பக்கத்து மாநிலத்துச் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

பரிசு விழுந்த நிமிடமே 25 கோடிக்குக் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்களே, அங்கேதான் ஆபத்து. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், அதாவது 2.5 கோடி, முதலிலேயே கழிந்துவிடும். மீதி 22.5 கோடியில் 30 சதவீத வருமான வரியாக 6.75 கோடியைப் பிடித்துக்கொண்டு, 15.75 கோடியை வங்கியில் போடுவார்கள். வரிதான் பிடித்தாகிவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்! அந்த வரியின் மேல் சர்சார்ஜ் உண்டு, அதற்கும் மேல் 4 சதவீத செஸ் உண்டு. புதிய வரிமுறையில் சர்சார்ஜ் 25 சதவீதம் என்று வைத்தால், இன்னும் 2 கோடியே இரண்டரை லட்சம் பாக்கி. இதை யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களேதான் கட்ட வேண்டும். தாமதித்தால் வட்டியும் ஏறும். எல்.ஐ.சி., பி.எஃப். என்று எதைக் காட்டினாலும் லாட்டரி வருமானத்தில் கழிவு கிடையாது. வந்ததையெல்லாம் நிலத்தில் போட்டவர், நோட்டீஸ் வந்ததும் அதே நிலத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும். ஆடிட்டரைப் பார்த்து, வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கும்வரை ஒரு ரூபாயைக்கூடத் தொடாதீர்கள்.

சீட்டு கையில் இருக்கும்போதே பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நகல் எடுத்து வையுங்கள். பரிசு விழுந்த 30 நாளுக்குள் சீட்டை ஒப்படைத்தாக வேண்டும். கூட்டாக வாங்கியிருந்தால் யாருக்கு எவ்வளவு என்று முத்திரைத்தாளில் எழுதிவிடுங்கள். சிநேகிதர்களுக்குள் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். வாய்ப்பேச்சு கோடிக்கு முன்னால் நிற்காது.

ஊருக்குத் தண்டோரா போடவே போடாதீர்கள். 2022-ல் இதே பரிசு விழுந்த ஆட்டோ ஓட்டுநரின் வீட்டு வாசலில் உதவி கேட்டுக் கூட்டம் குவிந்தது. நிம்மதி போய்விட்டது, வீட்டில் இருக்க முடியவில்லை என்று சில நாளிலேயே அவர் வெளிப்படையாகப் புலம்பினார். பரிசு பெற்றவர்களுக்குப் பணத்தைக் கையாளப் பயிற்சி வகுப்பே நடத்தும் நிலைக்குக் கேரள அரசு வந்தது.

பணம் பெருகினால் பழக்கம் தானாக மாறிவிடும் என்று நம்பாதீர்கள். சம்பளம் வந்த பத்தாம் நாளே கைமாற்றுக்கு அலைகிறவர், கேட்டவருக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர், கோடி வந்தாலும் அதையேதான் பெரிய அளவில் செய்வார். வீட்டுச் செலவை எழுதி வைப்பதை இந்த மாதமே தொடங்குங்கள். தினம் 50 ரூபாய்க்குச் சீட்டு வாங்குகிறவர் வருஷத்துக்கு 18,250 ரூபாய் விடுகிறார். முதலில் அதை எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று, அவசரம்! கேரள லாட்டரி காகிதச் சீட்டு மட்டும்தான், ஆன்லைனில் விற்பதில்லை. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வரியை முன்கூட்டிக் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் யார் சொன்னாலும் மோசடி. பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.