முவெட் எழுதும் நம் பிள்ளைகளுக்குத் தமிழாசிரியர் என்ன செய்யலாம்?



பழைய மாணவி ஒருத்தி போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். பீடோங் பக்கம் தோட்டத்துப் பிள்ளை, இப்போது ஆறாம் படிவம். எஸ்.பி.எம். தமிழில் நன்றாகச் செய்தவள். "டீச்சர், முவெட்ல பேண்ட் 2.5தான் வந்துச்சு. கட்டுரையில என்ன எழுதுறதுன்னே தெரியல" என்றாள். அவள் விண்ணப்பிக்க நினைக்கும் படிப்புக்கு அது போதாது.

முவெட் 1999-இல் அறிமுகமான தேர்வு. மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. 2021 முதல் சி.இ.எஃப்.ஆர். தரத்துக்கு ஏற்ப மாற்றியமைத்திருக்கிறார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தலா 90 புள்ளிகள், மொத்தம் 360. எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம். முதலில் மின்னஞ்சலுக்கோ கடிதத்துக்கோ குறைந்தது 100 சொல்லில் பதில். அடுத்து குறைந்தது 250 சொல்லில் ஒரு கட்டுரை. நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவதில்தான்.

அவளிடம் நான் ஆங்கிலம் பேசவே இல்லை. "ஆறாம் படிவப் பிள்ளைங்க பகுதி நேர வேலைக்குப் போகலாமா? தமிழ்லயே சொல்லும்மா" என்றேன். பத்து நிமிடம் விடாமல் பேசினாள். அண்ணன் கடையில் வேலை செய்து படித்த கதை, தூக்கம் கெட்டது, கையில் காசு வந்ததும் படிப்பில் ஆர்வம் குறைந்தது, எல்லாம் வந்தது. என்ன எழுதுவதென்று தெரியாத பிள்ளையா இவள்?

நான்காம், ஐந்தாம் படிவத்தில் வாதக் கட்டுரையும் விவாதக் கட்டுரையும் நாம்தானே சொல்லிக் கொடுக்கிறோம். நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் உடன்படல், மறுத்தல் தவிர இன்னொன்று உண்டு: பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் களைவது. முவெட் கட்டுரையில் பல பிள்ளைகள் விட்டுவிடுவது இதைத்தான். "வேலைக்குப் போனா அனுபவம் கிடைக்கும், உண்மைதான், ஆனா..." என்று அவளே தமிழில் சொன்னாள். அது மதிப்புள்ள ஒரு பத்தி என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பத்துக் குற்றங்களில் கூறியது கூறல், மாறுகொளக் கூறல் இரண்டையும் வைத்து அவள் பழைய கட்டுரையை அவளையே திருத்தச் சொன்னேன். ஒரே காரணம் மூன்று பத்தியில் மூன்று வேடத்தில் வந்திருந்தது! அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் தமிழை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்தால் ஆபத்து. தமிழில் 'படித்து, முடித்து, வேலைக்குப் போய், சம்பாதித்து' என்று எச்சமாக அடுக்கி, கடைசியில் ஒரே முற்று வைத்தால் போதும். ஆங்கிலத்தில் அதையே காற்புள்ளி போட்டு நீட்டுகிறார்கள்; வாக்கியம் உடைந்துவிடுகிறது. முற்று எங்கெங்கே வரவேண்டுமென்று பார்த்து, இரண்டு மூன்று வாக்கியமாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். அதேபோல, பழமொழி, குறள் என்று முன்னுரையில் சுற்றி வரும் பழக்கம். அதை ஊட்டியதும் நாம்தான். 250 சொல்லில் அதற்கு இடமில்லை. பத்தியின் முதல் வாக்கியத்திலேயே கருத்து வந்துவிட வேண்டும்.

பேச்சுத் தேர்வில் தனியாகப் பேசும் பகுதியோடு குழுக் கலந்துரையாடலும் உண்டு. அங்கே பட்டிமன்றப் பழக்கம் கொஞ்சம் இடிக்கும். எதிரணியை மடக்குவது அங்கே நோக்கமில்லை. அடுத்தவர் சொன்னதை எடுத்துக்கொண்டு தன் கருத்தைச் சேர்க்க வேண்டும்.

இலக்கணமும் சொல்வளமும் ஆங்கில ஆசிரியரின் வேலை, அதில் நான் கைவைப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஒரு தலைப்பைத் தமிழில் பேசி, கருத்துச் சட்டத்தைத் தாளில் போட்டுக்கொண்டு, அப்புறம் 50 நிமிடத்தில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறேன். இப்போது அவளோடு இன்னும் மூன்று பேர் வருகிறார்கள், பாடாங் செராயிலிருந்துகூட ஒரு பையன். அடுத்த அமர்வுக்கு நால்வரும் பதிந்துவிட்டார்கள். உங்கள் பள்ளியில் முயன்று பார்த்த தலைப்புகள் இருந்தால் அனுப்பி வையுங்கள். என் கைவசம் இருந்தவை தீரப்போகின்றன.